ரெண்டு ஆள் மிஷின்

சார், அந்த வீடியோவை இன்னொரு தடவை போடுங்க. எட்டிப் பாக்கணும்னு பாக்கலை, சத்தம் காதுல விழுந்துச்சு. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்துல கேட்டாலும் கண்டுபிடிச்சிருவேன். ஆங், இதேதான். நிறுத்துங்க, அங்கயே நிறுத்துங்க. இந்தப் பக்கம் தலையில மப்ளர் கட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்க பேரு ரூபவதி. தையல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அந்தப் பக்கம் மெரூன் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்குதே, அது என் சம்சாரம். மனோன்மணி.

நடுவுல இருக்கிற மிஷின் என்னோடது.

நம்ப மாட்டீங்க. கீழ என்ன எழுதியிருக்குன்னு படிங்க. ‘கோத்தகிரியின் இரும்புப் பெண்கள்.’ எங்கயாவது தியாகசீலன்னு என் பேர் இருக்கா? இருக்காது. நான் தேடிட்டேன். கீழ ஜனங்க எழுதினது எல்லாத்தையும்கூட ஒண்ணு விடாம படிச்சிட்டேன்.

எனக்குப் பொறாமையெல்லாம் கிடையாது சார், அதை முதல்லயே சொல்லிடறேன். நடந்தது என்னன்னு நாலு பேருக்குத் தெரியணும், அவ்வளவுதான். பஸ் மேட்டுப்பாளையம் போய்ச் சேர நேரம் இருக்கு. நீங்க தூங்கறதா இருந்தா தூங்குங்க. இல்லையே?

நான் பேங்க்ல இருந்தேன். வேலையில இருக்கும்போதே ஆரம்பிச்ச பழக்கம் இது. சில பேர் ஸ்டாம்ப் சேப்பாங்க, சில பேர் பழைய ரேடியோ சேப்பாங்க. நான் மரம் அறுக்கிற மிஷின் சேக்கறேன். செயின்சா. இப்ப வர்ற பிளாஸ்டிக் பொம்மை இல்லை. எங்க மலையில எஸ்டேட்காரங்க அந்தக் காலத்துல கப்பல்ல வரவழைச்சாங்களே, முழு இரும்பு, அது. கற்பூர மரம், சீகை மரம், சில்வர் ஓக்குன்னு வெட்டித் தள்ளினது. அப்புறம் ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. எஸ்டேட் கைமாறும்போது பழைய இரும்புன்னு கழிப்பாங்க. நான் போய் நிப்பேன்.

எங்கிட்ட பதினாலு இருக்கு. முன்ரூம்ல மூணு பக்கமும் ஷெல்ஃப் அடிச்சு வச்சிருக்கேன். ஒவ்வொண்ணையும் கழட்டி, மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பழைய கலர் என்னன்னு கண்டுபிடிச்சு, அதே கலர்ல பெயின்ட் அடிச்சிருக்கேன். வீட்டுக்கு வர்றவங்க வாயைப் பொளந்துருவாங்க. ‘ஓடுமா?’ன்னு கேப்பாங்க. எல்லாரும் அதையேதான் கேப்பாங்க. ஓடறதா சார் முக்கியம்? மியூசியத்துல ராஜாவோட வாள் வச்சிருக்கான். வெட்டுமான்னு யாராவது கேக்கறாங்களா?

மனோன்மணி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தூசி தட்டுவா. ஆயுத பூஜைக்கு ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வைப்பா. அதுக்கு மேல தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன். ஒரு தடவை, ரொம்ப நாளைக்கு முன்னாடி, ஒரு மிஷினோட கயித்தை இழுத்துப் பாத்துக்கிட்டிருந்தா. நல்லா திட்டிட்டேன். இதெல்லாம் நுணுக்கமான சாமான். அப்புறம் அவ தொட்டதில்லை.

இப்ப இந்த வீடியோல இருக்கிற மிஷினுக்கு வர்றேன். இது ரெண்டு ஆள் மிஷின். ஒருத்தர் இன்ஜின் பக்கம் பிடிக்கணும். செயின் ஓடற பட்டை இருக்கு பாருங்க, ஒரு ஆள் நீளம், அதோட மறு முனையில ஒரு கைப்பிடி இருக்கும். அதை இன்னொருத்தர் பிடிக்கணும். தனியாளால ஒண்ணும் பண்ண முடியாது. எங்க மலைக்கே ரெண்டோ மூணோதான் வந்துச்சுன்னு சொல்வாங்க. கீழ்க்கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்ல இதோட இன்ஜின் எனக்குக் கிடைச்சது. இன்ஜின் மட்டும். பட்டையும் கைப்பிடியும் எங்கன்னு கேட்டா, செல்வின் எடுத்துட்டுப் போயிட்டாருன்னாங்க.

செல்வின் யாருன்னா, ரூபவதி டீச்சரோட வீட்டுக்காரர். மர கான்ட்ராக்ட் எடுத்துச் செஞ்சுக்கிட்டிருந்தார். அவர் ஷெட்லயும் பழைய மிஷின் சிலது கிடந்துச்சு. அவர் வீடும் எங்க வீடும் எதிரெதிர்ல. நடுவுல ஒரு தேயிலைச் சரிவு, அவ்வளவுதான். போய்க் கேட்டேன். “பட்டையைக் குடுங்க, நான் முழுசா பண்ணிடறேன்”னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, “நீங்க இன்ஜினைக் குடுங்க சார், நான் முழுசா பண்ணிடறேன்”னார். அவரும் விட்டுக்குடுக்கலை, நானும் விட்டுக்குடுக்கலை. பாதி மிஷின் அங்க, பாதி மிஷின் இங்க. அப்படியே வருஷம் ஓடிப்போச்சு. திடீர்னு ஒரு நாள் நெஞ்சு வலின்னு உக்காந்தார், எந்திரிக்கலை. நல்ல மனுஷன். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். கல்லறை வரைக்கும் போனேன்.

துக்கம் ஆறட்டும்னு கொஞ்ச நாள் விட்டுட்டு டீச்சரைப் போய்ப் பாத்தேன். “அந்தச் சாமானெல்லாம் ஷெட்ல இடத்தை அடைச்சுக்கிட்டிருக்குமே டீச்சர், உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு, நான் எடுத்துக்கறேன்”னு தன்மையாத்தான் கேட்டேன். அந்தம்மா ஒரு டம்ளர் காபி குடுத்துட்டுச் சொல்லுது:

“இல்லண்ணா. அவரு பாதியில விட்டதையெல்லாம் நானே கழட்டிப் பாக்கலாம்னு இருக்கேன்.”

“நீங்களா?”

“தையல் மிஷின் அத்தனையும் நான்தானேண்ணா ரிப்பேர் பாத்தேன். இதுவும் இரும்புதானே.”

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. காபி புரையேறிருச்சு. தையல் மிஷினும் இதுவும் ஒண்ணா சார்? சரி, பொழுது போகாம சொல்றாங்கன்னு விட்டுட்டேன்.

அந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள ஒரு நாள் காலையில பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன். எதிர்ச் சரிவுல இருந்து ‘டர்ர்ர்’னு ஒரு சத்தம். ஒரு நிமிஷம் ஓடிச்சு, நின்னுச்சு. மறுபடி ஓடிச்சு. மனோன்மணி சமையல்கட்டுல இருந்து வந்து வாசல்ல நின்னு, “ஓட்டிட்டாங்களே!”ன்னா. அவ குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். எனக்குன்னா பேப்பர்ல ஒரு வரி ஏறலை.

சின்ன மிஷின்தான் சார் அது. சின்ன மிஷினை யாரும் ஓட்டிரலாம்.

ஆனா அது ஒண்ணோட நிக்கலை. அடுத்தது ஒண்ணு. அதுக்கடுத்தது ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குரல் உண்டு. நான் சத்தத்தை வச்சே இது எந்த வருஷத்து மாடல்னு சொல்லிருவேன். சரிவு தாண்டி வந்து நேரா என் முன்ரூம்ல விழும். என் பதினாலும் ஷெல்ஃப்ல வரிசையா உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கும். எனக்கு என்னமோ அதுங்க என்னையே பாக்கற மாதிரி இருக்கும். ஜன்னலைச் சாத்திடுவேன். குளிருதுன்னு சொல்லிக்குவேன்.

மனோன்மணியை அங்க அனுப்பினது நான்தான். அதை ஒத்துக்கத்தான் வேணும். “ஒரு சீப்பு பழம் குடுத்துட்டு, எந்த மிஷினைப் பிரிச்சுப் போட்டிருக்காங்க, எதுல எண்ணெய் ஊத்தறாங்க, யார் வந்து உதவி பண்றாங்கன்னு சும்மா பாத்துட்டு வா”ன்னேன். யாரோ ஒரு மெக்கானிக் ரகசியமா வந்து செஞ்சு குடுக்கறான்னு எனக்கு உறுதியா பட்டுச்சு.

போயிட்டு வந்து, “யாரும் வரலைங்க, அவங்களேதான் பண்றாங்க. கார்புரேட்டரைப் பழைய டூத்பிரஷ் வச்சுச் சுத்தம் பண்றாங்க. அழகா இருக்கு பாக்கறதுக்கு”ன்னா.

மறுவாரம் ஜாக்கெட் தைக்கக் குடுக்கணும்னு போனா. அதுக்கடுத்து அளவு சரியில்லைன்னு போனா. அப்புறம் காரணம் சொல்றதையே நிறுத்திட்டா. சாப்பாட்டை மூடி வச்சுட்டுப் போயிருவா. நான் கேட்ட சேதி எதுவும் வர்றதில்லை. ஆனா நகக்கண்ணுல கருப்பு. சோறு போடும்போது பெட்ரோல் வாசனை. ஒரு நாள் தன் வீட்டு வாசல்ல நின்னு டீச்சர் கூப்பிடறாங்க, “மணி! ஏ மணி! ஸ்பேனரை எங்க வச்சே?”

மணியாம். எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆச்சு. நான் ஒரு நாளும் மணின்னு கூப்பிட்டதில்லை. ‘இந்தா’ம்பேன், ‘ஏம்மா’ம்பேன். அப்படியெல்லாம் கூப்பிடலாம்னே எனக்குத் தோணினதில்லை. இவளும் டீச்சர் டீச்சர்னு சொல்லிக்கிட்டிருந்தவ, “வர்றேன் ரூபா!”ன்னு குரல் குடுத்துட்டு ஓடறா. அறுபது வயசு சார் அவளுக்கு. ஓடறா.

ஒரு நாள் ரெண்டு பேருமா சேர்ந்து வந்தாங்க. டீச்சர் நேராவே கேட்டாங்க. “அண்ணா, எங்கிட்ட பட்டை இருக்கு, உங்ககிட்ட இன்ஜின் இருக்கு. சேத்துப் பாப்போமா? அவரோட ஆசை. மிஷின் உங்க பேர்லயே இருக்கட்டும்.”

மனோன்மணி என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. எனக்கு வயிறு எரிஞ்சுதான் போச்சு. ஆனா நான் பெரிய மனுஷன் மாதிரி, “தாராளமா எடுத்துக்கங்க டீச்சர்”னேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கிட்டுச் சரிவுல இறங்கினாங்க. கல்யாணப் பொண்ணைக் கூட்டிட்டுப் போற மாதிரி சிரிச்சுக்கிட்டே.

இங்க ஒரு சின்ன விஷயம் இருக்கு. பழைய ஸ்கூட்டர்ல சி.பி. பாயிண்ட்னு ஒரு சின்ன சாமான் பாத்திருப்பீங்க, கட்டைவிரல் அளவு. அது இருந்தாத்தான் பிளக்குல கரண்ட் வரும். அந்த இன்ஜினுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. நான் கோயம்புத்தூர்ல ஒரு பழைய கடையில வேற ஒண்ணு வாங்கி, அரத்தால ராவி ராவி, அளவுக்குக் கொண்டுவந்து மாட்டியிருந்தேன். ஒரே ஒரு தடவை பொறி வந்துச்சு. என் கண்ணால பாத்தேன், நீலமா. அதோட கழட்டிப் பஞ்சுல சுத்தி பீரோவுல வச்சுட்டேன். துருப்பிடிச்சிரக் கூடாதில்ல?

இன்ஜினைக் குடுக்கும்போது அதைக் குடுக்கலை. அவங்க கேக்கலை சார். கேட்டாத்தானே குடுக்கறது? தெரியாம முழிப்பாங்க, பாப்பாங்க, கடைசியில, “அண்ணா, எங்களால ஆகலை, நீங்க வந்து பாருங்க”ன்னு வருவாங்க. நான் போய், எல்லாரும் பாக்க, பையில இருந்து எடுத்து மாட்டி, கயித்தை ஒரு இழு. அவ்வளவுதான் நான் நினைச்சது. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?

தினம் காலையில குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டு முன்ரூம்ல உக்காந்திருப்பேன். எதிர்ச் சரிவுல கயிறு இழுக்கற சத்தம் வரும். கரக், கரக். அவ்வளவுதான், பிடிக்காது. எனக்கு உள்ளுக்குள்ள இனிக்கும். மனோன்மணி சாயங்காலம் முகம் வாடி வருவா. “என்னாச்சு?”ம்பேன். “கரண்ட் வரலைங்க”ம்பா. “பழைய இன்ஜின், அப்படித்தான்”ம்பேன். அவ பீரோவை ஒரு பார்வை பாத்துட்டுச் சமையல்கட்டுக்குப் போயிருவா.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. கேட்டுச்சு. முந்தி வந்த சத்தமெல்லாம் வேற, இது வேற. லோடு லாரி கொண்டை ஊசி வளைவுல மூச்சு வாங்கி ஏறுமே, அந்த மாதிரி. ஜன்னல் கண்ணாடி அதிருது. நான் ஓடிப்போய் பீரோவைத் திறக்கறேன். பஞ்சு இருக்கு. உள்ள ஒண்ணும் இல்லை.

செருப்பு மாத்திப் போட்டுக்கிட்டுத் தேயிலைச் செடிக்கு நடுவுல இறங்கி ஓடினேன். டீச்சர் வீட்டு முத்தத்துல மழையில விழுந்த சில்வர் ஓக் ஒண்ணு கிடக்கு. சுத்தியும் ஊரே நிக்குது. ஒருத்தன் போன்ல பிடிச்சுக்கிட்டிருக்கான், இப்ப நீங்க பாத்தீங்களே, அதுதான். இந்த முனையில டீச்சர், அந்த முனையில என் பொண்டாட்டி. டீச்சர் சத்தம் போடறாங்க, “மணி, அழுத்தாதே, சும்மா கூடவே வா! அது எடை போதும் அதுக்கு!” இவ கூடவே போறா. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டு, மூச்சு விடறதுகூட ஒண்ணா விடற மாதிரி இருக்கு. மரத்தூள் அவ தலையெல்லாம். மரம் ரெண்டா விழுந்துச்சு. ஜனம் கை தட்டுது.

டீச்சர் என்னைப் பாத்துட்டாங்க. மிஷினை நிறுத்திட்டு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாங்க: “இன்ஜின் அண்ணனோடது. கடைசியா ஒரு சின்ன சாமான் இல்லாம திண்டாடினோம், அதையும் அண்ணன்தான் மணிகிட்ட குடுத்தனுப்பினார். அவர் கையால ராவினது.”

எனக்கும் கை தட்டினாங்க சார். அதை வீடியோ எடுத்தவன் வெட்டிட்டான், அது வேற விஷயம். நான் மனோன்மணியைப் பாத்தேன். அவ குனிஞ்சு புடவையில இருந்த தூளைத் தட்டிக்கிட்டிருந்தா.

“நீங்களும் வாங்கண்ணா, ஒரு முனை பிடிங்க”ன்னு டீச்சர் கூப்பிட்டாங்க. இடுப்பு வலின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “யாரைக் கேட்டு பீரோவைத் திறந்தே?”

“நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சேங்க.”

“நான் குடுத்தனுப்பினேன்னு ஏன் சொன்னே?”

“வேற என்னன்னு சொல்றது?”ன்னா.

பாருங்க சார் எப்படிப் பேசறான்னு. ஒரு கோபம் இல்லை, ஒரு பயம் இல்லை. திருடினதும் இல்லாம பொய்யும் சொல்லிட்டு, எனக்கே பதில் கேள்வி. மறந்தேன்னே வச்சுக்குவோம். புருஷன் மறந்ததை ஞாபகப்படுத்தலாம், எடுத்துட்டுப் போலாமா?

நான் சேர்ல உக்காந்துட்டேன். அவ பக்கத்துல வந்தா. ரெண்டு கையையும் என் முன்னாடி நீட்டினா. “இன்னும் அதிருதுங்க. தொட்டுப் பாருங்களேன்”ன்னா. நிஜமாவே நடுங்கிக்கிட்டிருந்துச்சு. உள்ளங்கையெல்லாம் சிவந்து கிடக்கு. முகத்துல அப்படி ஒரு இது. எங்க பொண்ணு பொறந்தப்பகூட இப்படிப் பாத்ததா ஞாபகம் இல்லை.

“பசிக்குது, தட்டு எடுத்து வை”ன்னேன்.

கையைக் கழுவிட்டு வந்து சாப்பாடு போட்டா. வழக்கம் போலத்தான். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லை.

இப்ப அவங்க ரெண்டு பேரையும் ஊர் ஊரா கூப்பிடறாங்க. ஒரு காலேஜ்ல கூப்பிட்டாங்க, மலர்க் கண்காட்சியில கூப்பிட்டாங்க. மிஷின் டீச்சர் ஷெட்லயேதான் இருக்கு. என் பேர்லதான் இருக்கு, ஆனா அங்க இருக்கு. என் வீட்டு ஷெல்ஃப்ல அந்த இடம் காலியா கிடக்கு. மனோன்மணி வெள்ளிக்கிழமை தூசி தட்டும்போது அந்தக் காலி இடத்தையும் துடைக்கறா. அது எனக்குப் பொறுக்கலை.

நான் சும்மா இருப்பேனா? விசாரிச்சேன். பொள்ளாச்சி ரோட்டுல ஒரு மர டிப்போ, அங்க இன்னொண்ணு இருக்குன்னு தெரிஞ்சது. இன்ஜின், பட்டை, கைப்பிடி, எல்லாமே ஒண்ணா. வீடியோல இருக்கறதைவிட ஒரு சைஸ் பெருசு. அதைப் பாக்கத்தான் இப்ப போயிட்டிருக்கேன். இதை நான் ஓட்டப்போறேன் சார். ஷெல்ஃப்ல வைக்கப்போறதில்லை. எங்க வாசல்ல வச்சு ஓட்டப்போறேன், அந்தச் சத்தம் எதிர்ச் சரிவுக்குப் போகட்டும். அவங்க ரெண்டு பேரும் வெளிய வந்து பாக்கட்டும்.

காலையில கிளம்பும்போது கேட்டா, “தனியா எப்படிங்க தூக்குவீங்க? நான் வரட்டுமா?” வேணாம்னேன். செருப்பு போட்டுக்கிட்டிருக்கேன், மறுபடி வந்து, “ஓட்டறப்பவாவது சொல்லுங்க. அந்த முனையை நான் பிடிக்கிறேன். எனக்குப் பழக்கம்தானே”ன்னா. “உனக்கு அங்கயே வேலை சரியா இருக்கும்”னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. அவ தயவுல ஓட்டினா அது என் மிஷினா சார்?

அவதான் அடிக்கறா போன். ரெண்டாவது தடவை. எடுத்தா, வளைவுல தலை சுத்துச்சா, எலுமிச்சம்பழம் பைக்குள்ள வச்சிருக்கேன் பாத்தீங்களான்னு கேப்பா. அடிக்கட்டும்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு போல. நீங்க இங்கதான் இறங்கறீங்களா? ஒரு நிமிஷம் சார். உங்களுக்குத் தோள் வலி, முதுகு வலி அந்த மாதிரி ஏதாவது உண்டா? இல்லை, ஞாயித்துக்கிழமை லீவு இருக்குமான்னு கேக்கறேன். கஷ்டமான வேலை ஒண்ணும் கிடையாது. நான் இன்ஜினைப் பாத்துக்குவேன். நீங்க அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே வந்தா போதும். ஏதாவது தெரிஞ்சிருக்கணும்னு இல்லை. யாரா இருந்தாலும் சரிதான் சார். யாரோ ஒருத்தர் இருந்தா போதும்.